கேமராவுக்குப் போய் வந்தால் படிவம் காலி

"எந்த பிரவுசர் போட்டா இதுல வேகமா ஓடும்ணே?" என்று கேட்டுக்கொண்டு என் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் 2 ஜிபி ரேம் (செயலிகள் ஓடும்போது பிடித்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம்) உள்ள போன்தான் இருக்கும். என்ன செய்யும்போது எரிச்சல் வருகிறது என்று பதிலுக்குக் கேட்பேன்.

ஒரு தங்கச்சி சொன்னது இது. வேலைக்கான விண்ணப்பத்தை முக்கால்வாசி நிரப்பி, போட்டோ ஏற்றும் இடத்தில் கேமராவைத் திறந்து படம் எடுத்துத் திரும்பினால் படிவம் காலி. மூன்று தடவை நடந்ததாம். அந்த இணையதளத்தைத் திட்டித் தீர்த்தார். பாவம், தளத்தின் மேல் தப்பில்லை.

ஆண்ட்ராய்டில் திரையில் இருக்கும் செயலிக்குத்தான் முதல் மரியாதை. கேமராவுக்கு ரேம் நிறைய வேண்டும். போதாவிட்டால், பின்னால் போன பிரவுசரை ஆண்ட்ராய்டு சத்தமில்லாமல் மூடிவிடும். திரும்பி வரும்போது பக்கம் புதிதாக இறங்கும், அடித்ததெல்லாம் போயிருக்கும். ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய் வந்தாலும் இதே கதை நடக்கலாம்.

அதனால் வேகச் சோதனைத் தளங்கள் தரும் மதிப்பெண்ணை இந்தப் போன்களுக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அது பெரும்பாலும் பிராசஸரின் கெட்டிக்காரத்தனம். ஒரே போனில் ஒவ்வொரு பிரவுசரிலும் அதே மூன்று பக்கங்களைத் திறப்பேன், கேமராவுக்குப் போய் வருவேன், எது மறுபடி லோட் ஆகிறது என்று பார்ப்பேன். அவ்வளவுதான் சோதனை.

குரோமில் பல நாள் டேப்களை மூடாமல் விட்டிருப்பவர்கள், முதலில் அவற்றை மூடிப் பாருங்கள். டேட்டாவைச் சுருக்கித் தந்த அதன் லைட் மோடு 2022 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது, இப்போது தேடிப் பயனில்லை. விளம்பரம் குவிந்த செய்தித் தளங்களுக்கு ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைச் சேர்த்துக் கொடுப்பேன். விளம்பரமே இறங்காததால் பக்கம் இலேசாகிவிடும்.

ஓபரா மினிக்குத்தான் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. அதன் எக்ஸ்ட்ரீம் மோடில் பக்கத்தை ஓபராவின் சர்வரே திறந்து, சுருக்கி அனுப்புகிறது. போனுக்குச் சுமை குறைவு, படிக்க அருமை. ஆனால் நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டும் அந்தச் சர்வர் வழியாகத்தான் போகும். வங்கி வேலைக்கு அந்த மோடு வேண்டவே வேண்டாம். பல படிவங்கள் அதில் ஒழுங்காக வேலையும் செய்யாது.

ரேமைக் காலி செய்வதாகச் சொல்லும் 'ரேம் கிளீனர்' செயலியைப் போட்டுக்கொண்டு வருபவர்களும் உண்டு. அதுவே ரேமில் ஒரு மூலையைப் பிடித்து உட்கார்ந்திருக்கும். முதல் வேலையாக அதை நீக்கிவிடுவேன்.

அந்தத் தங்கச்சிக்கு பிரவுசர் எதையும் மாற்றவில்லை. போட்டோவை முன்னாடியே எடுத்து கேலரியில் வைத்துக்கொள்ளவும், ஓடிபி வந்தால் மெசேஜைத் திறக்காமல் மேலே இருந்து நோட்டிஃபிகேஷனை இழுத்துப் பார்க்கவும் சொன்னேன். அப்புறம் கடையில் உட்கார்ந்தபடியே, அதே போனில், அதே குரோமில் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுத்தான் கிளம்பினார்.