ஜம்பு மரத்து வலையை இறக்கி வையுங்கள்

போன வியாழக்கிழமை காலை ஒரு செருப்புப் பெட்டி என் மேசைக்கு வந்தது. உள்ளே பச்சை நைலான் வலை ஒரு பந்தாகச் சுருண்டு கிடந்தது. வலைக்குள் ஒரு பழந்தின்னி வௌவால். அதன் எடை ஏறக்குறைய 30 கிராம். நூல் இடது கட்டைவிரலைச் சுற்றி எலும்புவரை இறங்கியிருந்தது. கத்தரிக்கோலால் ஒவ்வொரு இழையாக வெட்டி அதைத் திருப்பியபோதுதான், அக்குளில் இருக்கும் காம்பைக் கவ்வியபடி ஒரு குட்டி தொங்குவதைப் பார்த்தேன். இன்னும் முடிகூடச் சரியாக முளைக்காத குட்டி.

இந்த மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது வௌவால் இது. மூன்றுமே வீட்டுத் தோட்டத்துப் பழமர வலையில் சிக்கியவை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கொண்டுவந்தவர் சிங்கப்பூரில் சிராங்கூன் பக்கம் தரைவீட்டில் இருக்கும் ஒரு பெரியவர். மனசு கேட்காமல்தான் கொண்டுவந்திருந்தார். ஆனாலும் பெட்டியைத் தொடாமல் தள்ளியே நின்றார். "டாக்டரம்மா, இது வாயாலேயே சாப்பிட்டு வாயாலேயே கழியிற சாதி. வீட்டுப் பக்கம் வந்தா ஆகாதுன்னு எங்க ஆத்தா சொல்லும். அதான் ஜம்பு மரத்துல வலை போட்டேன்," என்றார்.

இந்தப் பேச்சை எத்தனை முறை கேட்டிருப்பேன்! படித்தவர்களும் சொல்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். தயவுசெய்து ஒருமுறை பொறுமையாகக் கேளுங்கள். வௌவாலுக்கு ஆசனவாய் உண்டு. உங்களுக்கும் எனக்கும் இருக்கும் அதே இடத்தில் உண்டு. வௌவால் பழத்தைக் கடித்து, வரிவரியான மேலண்ணத்தில் நாக்கால் வைத்து நசுக்கிச் சாற்றைக் குடிக்கும். நாரை விழுங்காது, சக்கையாகத் துப்பிவிடும். கார் போர்ச்சில் காலையில் நீங்கள் பெருக்கித் தள்ளும் தட்டையான காய்ந்த உருண்டைகள் அந்தச் சக்கைதான், எச்சம் இல்லை. சுவரில் வழிந்து காயும் பழுப்புக் கறைதான் எச்சம். தின்ற பழம் அரைமணி நேரத்துக்குள் வெளியேறிவிடுவதால் அது தண்ணியாக, விதையோடு விழுகிறது. தலைகீழாகத் தொங்கினால் மேலேயே வழியாதா என்று அடுத்துக் கேட்பார்கள். வழியாது. கழிக்கவேண்டிய நேரத்தில் வௌவால் கட்டைவிரல் நகங்களால் பிடித்துக்கொண்டு, கால்களை விட்டு நிமிர்ந்து தொங்கும். முடித்ததும் திரும்பக் கால்களால் பற்றிக்கொள்ளும். வியாழன் முதல் அந்தக் குட்டிக்கு ஊசிக்குழாயில் பால் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துவிட்டு, வெந்நீரில் நனைத்த பஞ்சால் அதன் பின்புறத்தைத் தடவிவிடுகிறேன். தாய் நக்கிவிட்டுச் செய்யும் வேலை அது.

தாயைக் காப்பாற்ற முடியவில்லை. இரண்டு இறக்கைத் தோலும் செத்துப்போயிருந்தன. ஊசி போட்டு அனுப்பிவைத்தேன்.

சக தொழில்காரர்களும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். வலையை வெட்டிவிட்டதும் வௌவால் பறந்துபோனால் 'பிழைத்துவிட்டது' என்று நினைக்கிறோம். நூல் இறுக்கிய இடத்தில் தோல் அன்றைக்கு நன்றாகவே தெரியும், சில நாள் கழித்துத்தான் கறுத்து உதிரும். அதனால் சிக்கிய வௌவாலை நீங்களாக விடுவித்துப் பறக்கவிடாதீர்கள். அதைச் சுற்றியுள்ள வலையை மட்டும் வெட்டி, வலையோடு பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.

அடுத்த பயம் வௌவாலிடமிருந்து வரும் நிப்பா வைரஸ். 2018ல் கோழிக்கோட்டுச் செய்திகள் வந்ததிலிருந்து வாட்சப்பில் அது ஓயவில்லை. இது பொய்ப் பயம் இல்லை. 1999 மார்ச்சில் இங்கேயே இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு நிப்பா வந்து ஒருவர் இறந்தார். ஆனால் அவர்களுக்கு அது மலேசியாவிலிருந்து வந்த பன்றிகள் வழியாக வந்தது. அந்தக் கிருமியின் இயற்கை இருப்பிடம் பறக்கும் நரி எனப்படும் பெரிய வௌவால் இனம். அது சிங்கப்பூரில் அபூர்வம். உங்கள் போர்ச்சுக்கு வருவது கைக்குள் அடங்கும் சின்ன இனம். அதற்காக அதைக் கொஞ்சச் சொல்லவில்லை. வௌவாலை வெறுங்கையால் தொடவே தொடாதீர்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். வௌவால் கடித்த பழத்தை வெட்டித் தின்னாதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கும் தெம்புசு மரம் தெரியும்தானே? அந்த இனத்தின் சிவப்புப் பழங்களைத் தின்று விதையைத் தூவுவது இந்தச் சின்ன வௌவால்கள்தான். டுரியான் பூ சாயங்காலம் விரிந்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும். இடைப்பட்ட இரவில் மகரந்தம் சுமப்பது இவற்றின் உறவான குகைத்தேன் வௌவால். டுரியானுக்கு வரிசையில் நிற்கும் நாம், அதைக் காய்க்க வைக்கும் குலத்தை வலைபோட்டுக் கொல்கிறோம்.

போர்ச் அசிங்கமாகிறதே என்ற கோபம் நியாயமானது. சுவரைத் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போன அம்மாக்களை எனக்குத் தெரியும். வௌவால் அங்கே குடியிருப்பதில்லை, பறித்த பழத்தை நிம்மதியாகத் தின்ன இருட்டான மூலை தேடி வருகிறது. இரவில் அந்த மூலையில் விளக்கை எரியவிடுங்கள். சில நாள் விடாமல் எரிந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். பழத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு குலைக்கும் காகிதப் பையோ துணிப் பையோ கட்டுங்கள். வலைதான் வேண்டும் என்றால், கண்ணிக்குள் உங்கள் சுண்டுவிரல் நுழையக்கூடாது. தொளதொளவென்று போர்த்தாமல் சட்டம் அடித்து விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். எலிக்கு வைக்கும் பசை அட்டையைப் போர்ச் உத்தரத்தில் ஒட்டவே ஒட்டாதீர்கள். பசையிலிருந்து பிய்த்தெடுத்த இறக்கையை எந்த மருத்துவராலும் தைக்க முடியாது. அனுமதியில்லாமல் காட்டுவிலங்கைப் பிடிப்பதும் கொல்வதும் இங்கே சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடிபட்ட வௌவாலைப் பார்த்தால், தடித்த துண்டைப் போட்டு மூடி, காற்றுத் துளையிட்ட பெட்டிக்குள் வையுங்கள். தொங்குவதற்கு உள்ளே ஒரு துணி இருக்கட்டும். பால், தண்ணீர், வாழைப்பழம் எதுவும் புகட்ட வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைத்துவிட்டுத் தேசியப் பூங்காக் கழகத்தின் 1800-476-1600 எண்ணுக்கு அழையுங்கள்.

பெரியவர் சனிக்கிழமை போன் பண்ணினார். வலையை இறக்கிச் சுருட்டி வேலியோரம் வைத்திருக்கிறாராம். "ஐயா, அங்கே வைக்காதீங்க, அதிலேயும் பாம்பும் ஓணானும் மாட்டும். துண்டு துண்டா வெட்டி, பையில கட்டிக் குப்பையில போட்டுடுங்க," என்றேன். குட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். பால் குடிக்கிறது, துண்டின் மடிப்பில் கால் நகத்தை மாட்டித் தானாகத் தொங்கப் பழகுகிறது என்று சொன்னேன்.