ரத்தம் வந்தால் மூலம்தானா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கையை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்

போன வாரம் இன்னொருவர். காசிமேட்டுப் பக்கம் மீன் விற்கும் அம்மா, வயது ஐம்பதுகூட ஆகவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக மலத்தில் ரத்தம் போகிறது. "மூலம்தான் டாக்டரம்மா, நாள் முழுக்க உக்காந்தே யாவாரம் பண்றேன்ல, உடம்பு சூடு" என்றார். துத்திக்கீரை சாப்பிட்டிருக்கிறார், கருணைக்கிழங்கு சாப்பிட்டிருக்கிறார், மருந்துக் கடையில் சொல்லிக் களிம்பு வாங்கிப் போட்டிருக்கிறார், சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து எங்கேயோ போய் ஊசியும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். இவ்வளவு பேரில் ஒருவர்கூடக் கையுறை போட்டு ஒரு விரல் வைத்துப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். விரல் எட்டும் தூரத்திலேயே கட்டி இருந்தது.

மலக்குடல் புற்றுநோய். வடசென்னையில் அறுவை சிகிச்சை மருத்துவராக இருக்கும் எனக்கு இது புதிதில்லை, அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

நம்ம பக்கம் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயர் தெரியாத வீடு கிடையாது. ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பிரசவத்துக்குப் பதிந்த எந்தப் பெண்ணிடமும் கேளுங்கள், "முத்துலட்சுமி பணம்" என்பார்கள். கர்ப்பிணிகளுக்குத் தமிழ்நாடு அரசு தரும் 18,000 ரூபாய் உதவித் திட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அவர் யார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். அவர் ஒரு டாக்டர். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா கல்லூரி முதல்வர், அம்மா தேவதாசிக் குடும்பத்தில் வந்தவர். பையன்கள் மட்டுமே படித்த கல்லூரியில் அவரைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது, மன்னர் அனுமதித்ததால்தான் படிக்க முடிந்தது. 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்து, எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் வேலை பார்த்தார். இன்றைக்கும் நம்ம பக்கத்திலிருந்து சிக்கலான பிரசவங்களை அனுப்புகிறோமே, அதே எழும்பூர்தான்.

பிராக்டிஸ் நன்றாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அரசியலுக்கு வந்தார். இந்திய மாதர் சங்கம் அவர் பெயரை முன்வைத்தது, சென்னை மாகாண சட்டசபையில் நியமன உறுப்பினராக 1927-ல் உட்கார்ந்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் அவர். போனவுடனே சபையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள். கோயிலுக்குப் பெண் குழந்தைகளைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார், மரபு போகிறது என்று கத்தியவர்களுக்குச் சபையிலேயே பதில் சொன்னார். அந்தச் சட்டம் முழுமையாக வர 1947 ஆனது. 1930-ல் உப்பு சத்தியாகிரகத்தில் காந்தியைக் கைது செய்தபோது பதவியை ராஜினாமா செய்துவிட்டார். ஒதுங்க இடமில்லாத பெண் குழந்தைகளுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கும். நான் சொல்ல வந்தது அவர் தங்கையைப் பற்றி.

1920-களின் தொடக்கத்தில் அந்தத் தங்கை இறந்துபோனார். மலக்குடல் புற்றுநோய். முதலில் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். அக்காவே டாக்டர், ஊரில் பெரிய டாக்டர்கள் எல்லாம் தெரிந்தவர்கள், அப்படியும் கண்டுபிடித்தபோது நேரம் கடந்துவிட்டது. அன்றைக்கு இந்தப் பக்கம் புற்றுநோய்க்கென்று தனியாக ஒரு மருத்துவமனை கிடையாது. அந்தத் துக்கத்தை முத்துலட்சுமி அம்மா விடவே இல்லை. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்று பேசினார், வருஷக் கணக்காக நிதி திரட்டினார், 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறந்தது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் அடுத்த வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தது தனிக் கதை. அவர் பிறந்த ஜூலை 30-ஐ அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறோம். கொண்டாடலாம், தப்பில்லை. ஆனால் அவர் தங்கைக்கு வந்த அதே நோயோடு, அதே மாதிரி வேறு பெயர் சொல்லி வைத்தியம் பார்த்துவிட்டு, நூறு வருஷம் கழித்தும் பெண்கள் தாமதமாக வந்து நிற்கிறார்கள் என்றால் எனக்குத் தாங்கவில்லை.

இந்த "ரத்தம் வந்தால் மூலம்" என்பதை யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. மூலத்தில் ரத்தம் வரும், உண்மைதான். பளிச்சென்று சிவப்பாக, வலியில்லாமல், சொட்டுச் சொட்டாக வரும். மலக்குடல் கட்டியிலும் அப்படியே வரலாம். நிறத்தைப் பார்த்து நீங்கள் கண்டுபிடிக்க முடியாது, நானும் முடியாது, போனில் போட்டோ அனுப்பினாலும் முடியாது. "எனக்கு ஏற்கெனவே மூலம் இருக்குன்னு சொல்லியிருக்காங்க" என்பார்கள். இருக்கட்டும்! மூலம் இருப்பவருக்குப் புற்றுநோய் வராது என்று சட்டமா இருக்கிறது? இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இருக்கலாம், பார்த்திருக்கிறேன். "காரம் சாப்பிட்டா வருது, மோர் குடிச்சா நிக்குது" என்பார்கள். கட்டியில் வரும் ரத்தமும் நாலு நாள் வரும், பத்து நாள் நிற்கும், அது நின்ற நேரத்தில் நீங்கள் குடித்த மோருக்குப் பேர் கிடைத்துவிடுகிறது. "வலியே இல்லையே டாக்டர்" என்பது அடுத்தது. ஆரம்பத்தில் வலிக்காது. வலி வரும்வரை காத்திருந்தால் அதற்குள் நோய் குடலைத் தாண்டிப் பரவியிருக்கும். அப்புறம் இந்த சூடு. உடம்பு சூட்டினால் மாதக்கணக்கில் ரத்தம் போகாது, போகாது, போகாது.

ரத்தம் மட்டும் இல்லை. சளி மாதிரிப் போவது, போய்விட்டு வந்த பிறகும் இன்னும் பாக்கி இருப்பது போல உறுத்துவது, இத்தனை வருஷம் ஒழுங்காகப் போனவருக்குத் திடீரென்று ஒரு நாள் மலச்சிக்கல் ஒரு நாள் பேதி என்று மாறுவது, காரணமில்லாமல் எடை குறைவது. இதில் எது சில வாரம் நீடித்தாலும் காட்டுங்கள். ஆண்களுக்கு ரத்தசோகை என்று ரிப்போர்ட் வந்தால் சத்து மாத்திரை வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள், ரத்தம் எங்கே போகிறது என்று தேடச் சொல்லுங்கள். வயசுப் பிள்ளைகளுக்கு வராது என்ற நினைப்பும் வேண்டாம், முப்பது வயதிலும் வருகிறது.

பெண்களுக்கு ஒரு விண்ணப்பம். வெட்கம் எனக்குப் புரிகிறது. வீட்டுக்காரரிடம் சொல்லவே கூச்சப்பட்டு மாதக்கணக்கில் மறைத்தவர்கள் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை, கூட ஒரு நர்ஸ் நிற்க வேண்டும் என்றும் கேளுங்கள். விரல் பரிசோதனை ஒரு நிமிடம். கொஞ்சம் அசௌகரியமாக இருக்கும், அவ்வளவுதான். அதில் சந்தேகம் வந்தாலும், அதில் ஒன்றும் தெரியாமல் ரத்தம் தொடர்ந்தாலும் கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா வைத்த மெல்லிய குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது. சதை எடுத்துப் பார்த்தால் பரவிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னால் நம்பாதீர்கள், பயாப்ஸி இல்லாமல் எந்த வைத்தியமும் தொடங்க முடியாது. ஆபரேஷன் செய்து, மலம் வெளியேற வயிற்றில் பை வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஓடிப்போகிறவர்கள் உண்டு. சீக்கிரம் வந்தால் பலருக்கு நிரந்தரப் பை தேவைப்படுவதே இல்லை. தேவைப்பட்டவர்களும் வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் காட்சிக்குப் போகிறார்கள்.

மருந்துக் கடை வைத்திருக்கும் தம்பிகளே, மூலக் களிம்பை இரண்டாவது முறை கேட்டு வருகிறவரிடம் "டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சக டாக்டர்களிடமும் கேட்கிறேன், ஓபியில் கூட்டம் எவ்வளவு இருந்தாலும், ரத்தம் என்று சொன்னவரைத் தொட்டுப் பார்க்காமல் மாத்திரை எழுதாதீர்கள்.

பணம் இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் ஆபரேஷனும் நடக்கின்றன, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுவாருங்கள், இல்லையென்றாலும் வாருங்கள். காலையிலேயே அறுவை சிகிச்சை ஓபிக்குப் போய், "எத்தனை மாதமாக ரத்தம் போகிறது" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். "மூலம்" என்று நீங்களே பெயர் வைத்துச் சொல்லாதீர்கள். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது குடல் புற்றுநோய் வந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்டவர்கள் தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் 40 வயதிலோ, அல்லது அந்த உறவினருக்கு நோய் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னாலோ, எது முதலில் வருகிறதோ அப்போது கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும்.