ஆழாக்குக் கடப்பா, படிக் கடப்பா

இட்லி, தோசைக்குத் தொட்டுக்கொள்ளும் கும்பகோணம் கடப்பாவை நாலு பேருக்குச் செய்ய ஓர் ஆழாக்குப் பாசிப்பருப்பு போதும். விசேஷ வீட்டுக் காலை டிபனுக்கு முப்பது பேர் என்றால் ஒரு படி வேண்டும். 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி. ஆக, படி என்பது 8 ஆழாக்கு. அப்படியானால் எல்லாவற்றையும் எட்டால் பெருக்கிவிடலாமா? பெருக்கினால் கடப்பா நீர்த்துப்போகும், மேலே எண்ணெய் மிதக்கும்.

முதலில் அளவு. இன்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கில் ஆழாக்கு 168 மில்லி, படி 1344 மில்லி. ஆனால் அந்தக் காலத்தில் படி ஊருக்கு ஊர் மாறியது. 1956-ல் வந்த எடை அளவுச் சட்டம்தான் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தது. பரணில் கிடக்கும் பித்தளைப் படி எந்த ஊர்க் கணக்கு என்பது பார்த்தால் தெரியாது. தராசில் வெறும் படியை வைத்துச் சுழியாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி.

படி அளப்பது கொள்ளளவைத்தான், எடையை அல்ல. 168 மில்லி ஆழாக்கில் தலைதட்டி அளந்த பாசிப்பருப்பு சுமார் 140 கிராம் இருக்கும். அரிசி மாவு சுமார் 100 கிராம்தான். கோபுரமாகக் குவித்தால் பாத்திரத்தின் வாய் அகலத்துக்கு ஏற்பக் கூடுதல் மாறும். அதனால் தலைதட்டியே அளக்க வேண்டும். உப்பைக் கரண்டியால் அளக்கவே கூடாது. கல்லுப்பில் இடைவெளி அதிகம். அதே கரண்டியில் தூளுப்பு கூடுதலாக ஏறி உப்புக் கரித்துவிடும். எடை போடுங்கள்.

இனி எட்டுக்கு வருவோம். 8 என்பது 2×2×2. சின்னப் பாத்திரத்தின் அதே வடிவத்தில் எட்டு மடங்கு கொள்ளும் அண்டா, அகலத்திலும் உயரத்திலும் இரண்டு மடங்குதான். அதன் வாய்ப்பரப்பு நான்கு மடங்கு. தண்ணீர் ஆவியாவது அந்தப் பரப்பின் வழியாக. சின்னப் பாத்திரத்தில் 1 லிட்டர் ஊற்றி 200 மில்லி ஆவியாகிறது என்று வைப்போம். நிற்பது 800 மில்லி. அண்டாவில் நிற்க வேண்டியது 6.4 லிட்டர். அதே நேரம் அதே வேகத்தில் கொதித்தால் ஆவியாவது 800 மில்லிதான். ஆகவே 8 லிட்டர் வேண்டாம், 7.2 லிட்டர் ஊற்றினால் போதும். வாய் அகன்ற உருளியில், குழம்பின் ஆழம் கூடாதபடி செய்தால் கணக்கே வேறு: பரப்பும் எட்டு மடங்காகிவிடுவதால் தண்ணீரும் எட்டு மடங்கு.

வெங்காயம் வதக்கும் எண்ணெய் பாத்திரத்தின் அடியை நனைக்க வேண்டியது. நான்கு மடங்கில் தொடங்கி, போதாவிட்டால் கூட்டுங்கள். பச்சை மிளகாய், சோம்பு, பட்டை ஆறு மடங்கு போட்டு ருசி பார்ப்பது நல்லது. கூடிய காரத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய் விழுது, உப்பு ஆகியவை மட்டும் நேராக எட்டு மடங்கு. உப்பில் கால் பங்கைக் கடைசி ருசிக்கு நிறுத்திவையுங்கள்.

கொதி வந்தபின் கிழங்கு வேகும் நேரத்தை எட்டால் பெருக்க வேண்டாம். துண்டு அதே அளவாக இருந்தால் நேரமும் ஏறக்குறைய அதேதான்.

அடிப்பிடிப்பது பொட்டுக்கடலை, கசகசா அரைத்த விழுதால். மாவுச்சத்து கீழே இறங்கி, சூட்டில் கெட்டிப்பட்டு, அடியில் படியும். கெட்டியான குழம்பு தானாகப் புரண்டு கலக்காது. ஆழம் கூடக் கூட அடிச்சூடு மேலே வர நேரமாகும். விழுதைக் கடைசியில் தண்ணீரில் கரைத்து ஊற்றி, தீயைக் குறைத்து, துடுப்பு அடியைத் தொடும்படி விடாமல் கிளறுங்கள்.

சூடும் பரப்பின் வழியாகத்தான் இறங்குகிறது. அதனால் அண்டா ஆறுவதற்குச் சுமார் இரண்டு மடங்கு நேரமாகும். அடுப்பை அணைத்த பிறகும் கிழங்கு வெந்துகொண்டே இருக்கும், குழம்பும் இறுகும். கிழங்கு குழைவதற்குச் சற்று முன்பே, கரண்டியிலிருந்து தாராளமாக ஒழுகும் பதத்தில் இறக்கி, கொதி அடங்கியபின் எலுமிச்சை பிழியுங்கள்.