பேரனைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போகாதீர்கள்

ரொறன்ரோவில் மருத்துவமனை, நீதிமன்றம் என்று தமிழ் மொழிபெயர்ப்பாளராக ஓடித் திரிகிற எனக்கு, பல்பண்பாடு என்றதும் ஞாபகம் வருவது பொங்கல் விழா மேடை இல்லை. பள்ளிக்கூடப் பையோடு டொக்டரின் அறையில் நின்ற ஒரு பெடியன்தான். (ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்.)

அன்று நான் பத்து நிமிடம் பிந்திப் போனேன். அதற்குள் தொடங்கிவிட்டார்கள். மாதவிடாய் நின்று இத்தனை வருடத்துக்குப் பிறகு இரத்தம் போகிறதா என்று டொக்டர் கேட்கிறார். 13 வயதுப் பேரன் காது சிவக்க நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அம்மம்மா, வேற ஏதும் வருத்தம் இருக்கோ எண்டு கேக்கினம்" என்றான். அவர் "ஒண்டுமில்லை அப்பன்" என்றார். அதுவே பதிவாகியிருக்கும். பெடியனை வெளியே அனுப்பிவிட்டு நான் திரும்பக் கேட்டபோதுதான் சொன்னார்: "மூண்டு மாசமாப் போகுது பிள்ளை. பெடியன் நிக்கேக்க என்னெண்டு சொல்லுறது?"

இதில் யாரும் அந்த அம்மாவை ஒதுக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கிற அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

கனடா உச்ச நீதிமன்றம் 1997இல் எல்ட்ரிட்ஜ் வழக்கில் இதைத்தான் பேசியது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் காது கேளாத ஒரு தாய்க்குக் குறைமாதத்தில் இரட்டைப் பிள்ளைகள் பிறக்கிறார்கள், ஒரு பிள்ளையின் இதயத்துடிப்பு குறைந்துவிட்டது என்பதைத் தாதி கைச்சாடையில்தான் காட்டுகிறார், சைகைமொழி தெரிந்தவர் பக்கத்தில் யாருமில்லை. எல்லோருக்கும் ஒரே வைத்தியம்தானே, மொழிபெயர்ப்பு அதற்கு வெளியே என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. சொன்னதை விளங்கிக்கொள்ள முடியாதவருக்கு அந்த வைத்தியம் சமமாகக் கிடைக்கவில்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம். அது காது கேளாதோருக்கான தீர்ப்பு. நம் மொழிகளைப் பற்றி அது முடிவு சொல்லவில்லை. ஆனாலும் அந்த நியாயம் எனக்கு ஒவ்வொரு நாளும் கண்முன்னே தெரிகிறது.

1971 ஒக்டோபரில் பியேர் ட்ரூடோ பல்பண்பாட்டை அரசுக் கொள்கையாக அறிவித்தார், 1982இல் கனடா அரசியலமைப்பின் உரிமைச் சாசனத்தில் அது ஏறியது, 1988இல் தனிச் சட்டமே வந்தது. இத்தனைக்குப் பிறகும், மொழிபெயர்ப்பாளர் எதற்கு, வந்த நாட்டில் அந்த நாட்டு மொழியைப் படிக்க வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு, நம் ஆட்களிலும் உண்டு. படிக்கத்தான் வேண்டும். ஆனால் எழுபது வயதில் இரத்தம் போகிறவர் ஆங்கில வகுப்பு முடியும் வரை காத்திருக்க முடியுமா? இப்படி வசதி செய்துகொடுத்தால் ஆளாளுக்கு ஒதுங்கிவிடுவார்கள் என்ற பயமும் இருக்கிறது. நான் பார்த்தது நேர்மாறு. டொக்டர் சொன்னது விளங்கினவர் மறுபடி வருவார், விளங்காதவர்தான் வீட்டு நாலு சுவருக்குள் முடங்குவார்.

அதற்காக, பண்பாடு என்று சொன்னால் எல்லாம் செல்லுபடியாகும் என்று நினைக்க வேண்டாம். மனைவியை அடித்த ஒருவர் என்னிடம் மெதுவாக, "இது எங்கட குடும்ப வழக்கம் எண்டு விளக்கிச் சொல்லுங்கோ தங்கச்சி" என்றார். சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்ப்பதுதான் என் வேலை, அதனால் அந்த வார்த்தையையும் அப்படியே மொழிபெயர்த்தேன். பண்பாட்டைக் காக்கிற அதே சாசனத்தின் 28ஆம் பிரிவு, அதில் உள்ள உரிமைகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம் என்கிறது.

இன்னொன்றும் சொல்லாமல் விட முடியாது. நமக்கு வேண்டும்போது சமத்துவம் பேசுகிறோம், ஆனால் பேஸ்மென்ற் வாடகைக்கு விடும்போது "ஊரில எவடம்?" என்று துருவுகிறோமே, அது எதற்கு என்று இரண்டு பேருக்குமே தெரியும். 2023இல் ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு சாதிப் பாகுபாடும் மாகாண மனித உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. கேட்டு வருபவர் கறுப்பினத்தவர் என்றவுடன் வீடு வாடகைக்குப் போய்விட்டது என்று சொல்வதும் அதே சட்டத்தில்தான் மாட்டும்.

சரி, உடனே செய்யக்கூடியது ஒன்று. டொக்டரிடம் நாள் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பல மருத்துவமனைகளில் அதற்குக் காசு கேட்க மாட்டார்கள், ஆள் வராவிட்டால் தொலைபேசியிலாவது பிடித்துத் தருவார்கள். குற்றவியல் வழக்கென்றால் சாசனத்தின் 14ஆம் பிரிவு அதை உங்கள் உரிமையாகவே தருகிறது. அந்தப் பெடியனுக்கு அன்று கணக்குப் பரீட்சையாம், போகும்போது சொன்னான்.