ஃபேன் ஆர்ட்: விசிறிக்கு இங்கே என்ன வேலை?

அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையை அண்மையில் படித்தேன். நடுவில் ஒரு படம். நீளமான அஞ்சல் உறை. முகவரிக்கும் தபால்தலைக்கும் மட்டும் இடம் விட்டுவிட்டு, மீதி முழுவதும் எலும்புக்கூடும் ரோஜாக்களும் வண்ணப் பென்சிலால் வரையப்பட்டிருந்தன. படத்துக்குக் கீழே 'விசிறிக் கலை' என்று போட்டிருந்தார்கள். உறையில் விசிறி எதுவும் இல்லை. ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த ஒன்றின் பேரில் கைப்படச் செய்வதைக் குறிக்கும் ஃபேன் ஆர்ட் என்பதைத்தான் அப்படித் தமிழாக்கியிருந்தார்கள். இந்தச் சொல் எனக்குப் புதிதல்ல. கார்ட்டூன் பாத்திரங்களை ரசிகர்கள் வரைந்த படங்களுக்கும், நடிகர்களுக்காக வரைந்த படங்களுக்கும் இதையே போட்டுக்கொண்டு வருகிறார்கள். பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

முதலில் சொல்லின் பிறப்பு. ஆங்கிலத்தில் ஃபேன் என்று ஒரே எழுத்தும் ஒரே ஒலிப்புமாக இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. காற்று வீசும் ஃபேன் லத்தீனின் வன்னுஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்குப் பொருள், தானியம் புடைக்கும் முறம் போன்ற கூடை. ரசிகரைக் குறிக்கும் ஃபேன் வேறு. அது ஃபனாட்டிக் என்பதன் சுருக்கம். அதன் வேர் கோயிலைக் குறிக்கும் ஃபானும் என்ற லத்தீன் சொல். தெய்வ ஆவேசம் கொண்டவரைக் குறித்த சொல், பிறகு வெறியரைக் குறித்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பேஸ்பால் மைதானங்களில் ஃபேன் என்று சுருங்கியது. ஆக, 'விசிறி' என்று எழுதுபவர் பக்கத்து வீட்டுச் சொல்லை மொழிபெயர்த்துவிட்டார்.

ஃபேன் ஆர்ட் என்ற கூட்டுச்சொல்லின் வரலாற்றில் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். அறிவியல் புனைகதை ரசிகர்கள் தாங்களே அச்சிட்டுப் பரிமாறிக்கொண்ட சிற்றிதழ்களில் தாங்களே படம் வரைந்தார்கள். அந்த உலகத்தின் ஹ்யூகோ விருதில் சிறந்த ரசிக ஓவியருக்கென்று 1967 முதல் தனிப் பிரிவே உண்டு. அங்கே அழுத்தம் 'யாரை வரைந்தார்' என்பதில் இல்லை. 'யார் வரைந்தார்' என்பதில்தான். காசுக்காக இல்லாமல், பிடித்துப்போன ஒன்றின் பேரில் ரசிகரே கைப்படச் செய்தது என்பதுதான் சொல்லின் உயிர். தமிழ்ச் சொல்லும் அதைத் தாங்க வேண்டும்.

சரி, விசிறிக்கு வருவோம். இதை ஆதரிப்பவர்கள் சொல்லும் முதல் காரணம், சொல் பழசு என்பது. உண்மைதான். 'நான் அவருடைய தீவிர விசிறி' என்று தமிழில் பல காலமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். அது ஆங்கிலச் சொல்லின் இரட்டைப் பொருளை வைத்து விளையாடிய ஒரு குறும்பு. பேச்சில், கிசுகிசுப் பத்தியில், கேலிச்சித்திரத்தின் அடியில் அந்தக் குறும்பு நன்றாகவே இருக்கிறது. அதை யாரும் பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் குறும்பைக் கலைச்சொல்லாக்கினால், ஆங்கிலம் தெரியாத வாசகர் வெளியே நிற்கிறார். அவருக்கு ஃபேன் என்றால் தலைக்கு மேலே சுற்றுவது. ஒரு மனிதரை ஏன் விசிறி என்கிறார்கள் என்று புரிய அவருக்கு இரண்டு ஆங்கிலச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலம் தெரிந்தால் மட்டும் விளங்கும் சொல்லைத் தமிழ்ச் சொல் என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது காரணம், அது தூய தமிழ் என்பது. விசிறு என்ற வினை தமிழ்தான். விசிறி என்ற பெயரும் தமிழ்தான். பொருள் தமிழில்லையே! விசிறு என்ற வினையில் வீசுவதும் தெளிப்பதும் உண்டு. விரும்புவது, போற்றுவது, பின்தொடர்வது எதுவும் கிடையாது. எழுத்து மட்டும் நம்முடையதாக இருந்து பொருள் முழுக்க ஆங்கில அகராதியின் தயவில் நின்றால், அதைவிட 'ஃபேன்' என்றே எழுதுவது நேர்மை.

இலக்கணமும் இடிக்கிறது. துருவி, மின்தூக்கி, ஒலிபெருக்கி என்று வினையோடு இகரம் சேர்த்துத் தமிழ் கருவிகளுக்குப் பெயர் வைக்கிறது. விசிறியும் அந்த வரிசையில் நிற்கும் கருவிப்பெயர். தொழிலாளி, உழைப்பாளி என்று இகரத்தில் முடியும் மனிதர்கள் இல்லையா என்று கேட்கலாம். அந்தச் சொற்களுக்குள் 'ஆள்' இருக்கிறது; விசிறிக்குள் இல்லை. அதனால்தான் 'அரங்குக்கு வெளியே ஆயிரக்கணக்கான விசிறிகள் கூடாரம் போட்டிருந்தனர்' என்று அந்தக் கட்டுரையிலேயே வந்த வாக்கியம் அப்படித் தடுக்கியது.

இன்னொன்று. விசிறிக் கலை என்ற பெயர் ஏற்கெனவே வேறொரு கலைக்குச் சொந்தம். சீனத்திலும் ஜப்பானிலும் கை விசிறியின் மடிப்பில் மலையும் மூங்கிலும் வரைவது நெடுங்கால ஓவிய மரபு. லண்டனின் கிரீனிச்சில் விசிறிகளுக்கென்றே 1991 முதல் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதைப் பற்றித் தமிழில் எழுத வருபவர் என்ன செய்வார்? அவருக்குரிய சொல்லை நாம் எடுத்து வேறு யாருக்கோ கொடுத்துவிட்டோம்.

இப்போது அந்த உறையை அருகில் வைத்துப் பார்ப்போம். கிரேட்ஃபுல் டெட் 1965இல் கலிஃபோர்னியாவில் தொடங்கி, 1995இல் அதன் முன்னணிக் கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியா இறந்ததோடு முடிந்தது. முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 2,300 நிகழ்ச்சிகளில் வாசித்தார்கள். இன்று வாசித்த வரிசை நாளை இருக்காது. ஒரே பாட்டு ஒரு நாள் ஐந்து நிமிடம், இன்னொரு நாள் அரை மணி நேரம். அதனால்தான் ரசிகர்கள் ஊர் ஊராகப் பின்னாலேயே போனார்கள். 1983 முதல் குழு தன் டிக்கெட்டுகளில் ஒரு பகுதியைத் தானே அஞ்சலில் விற்றது. எந்த நாள், எத்தனை டிக்கெட் என்று ஒரு சிறு அட்டையில் எழுதி, மணியார்டரோடு, சுயமுகவரியிட்டுத் தபால்தலை ஒட்டிய மறு உறையையும் உள்ளே வைத்து அனுப்ப வேண்டும். கேட்பவர்கள் அதிகம், டிக்கெட் குறைவு. பிரித்துப் பார்ப்பவரின் கண்ணில் படட்டும் என்று ரசிகர்கள் உறையில் வரையத் தொடங்கினார்கள். நாளடைவில் டிக்கெட் ஆசையையும் தாண்டி அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. குழு தன் ஆவணங்களை 2008இல் சாண்டா க்ரூஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தபோது இந்த உறைகளும் ஆயிரக்கணக்கில் அங்கே போய்ச் சேர்ந்தன.

வரைந்தவர்கள் பெரும்பாலும் ஓவியர்கள் இல்லை. அவர்கள் எடுத்தாண்ட சின்னங்களும் ஏற்கெனவே இருந்தவை. மின்னல் பாய்ந்த மண்டையோட்டை 1969இல் ஒலிப் பொறியாளர் ஔஸ்லி ஸ்டான்லியின் யோசனைப்படி பாப் தாமஸ் வரைந்தார். குழுவின் கருவிப் பெட்டிகள் மற்றவர்களின் பெட்டிகளோடு கலந்துவிடாமல் இருக்க வேண்டுமே என்பதற்காக. ரோஜா சூடிய எலும்புக்கூட்டை 1966இல் ஸ்டான்லி மௌஸும் ஆல்டன் கெல்லியும் ஒரு சுவரொட்டிக்காக, உமர் கய்யாமின் பாடல்களுக்கு எட்மண்ட் சல்லிவன் வரைந்திருந்த பழைய படத்திலிருந்து எடுத்தார்கள். ரசிகர் அதை மறுபடி எடுத்து, தன் ஊர்ப் பாலத்தையோ, தன் வீட்டு நாயையோ, அந்த ஆண்டின் பனியையோ பக்கத்தில் சேர்த்தார். அவர் கை பட்ட இடம் அதுதான்.

உறைகள் ஒரு பகுதிதான். அரங்குக்கு வெளியே வண்டி நிறுத்துமிடத்தில், 1978இல் வந்த பாட்டின் பெயரால் ஷேக்டவுன் ஸ்ட்ரீட் என்றே அழைக்கப்பட்ட ஒரு சந்தை முளைக்கும். முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த சட்டைகள், பாசிமணி, ஒட்டுப்படங்கள், சுடச்சுட வாட்டிய சீஸ் ரொட்டி. (ஆங்கிலத்தில் டை-டை எனப்படும் இந்தச் சாய முறைக்கு மதுரைக்காரர்கள் உடனே சுங்குடி என்பார்கள். முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் முறை ஒன்றுதான். ஆனால் சுங்குடி என்றால் புள்ளி வைத்த அந்தச் சேலை மனதில் வந்து நிற்கும் என்பதால் இங்கே தவிர்க்கிறேன்.) அடுத்த ஊருக்குப் போகும் பெட்ரோல் செலவை இதில் தேற்றிக்கொண்டவர்கள் ஏராளம். 1987க்குப் பிறகு கூட்டம் கட்டுக்கடங்காமல் போகவே, அந்தப் பத்தாண்டின் முடிவில் குழுவே விற்பனையையும் கூடாரம் போடுவதையும் தடுக்கப் பார்த்தது. அப்புறம் வந்த ஃபிஷ் குழுவின் ரசிகர்களும் இதே வழியில்தான் போகிறார்கள். தாள வாத்தியக்காரர் ஜான் ஃபிஷ்மன் அணியும் கவுனில் உள்ள சிவப்பு வளையங்களை அவர்கள் போடாத துணி இல்லை.

இவ்வளவையும் தாங்க ஒரு சொல் வேண்டும். விசிறியை விட்டால் அடுத்து 'ரசிகர் கலை' என்கிறார்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியில் சிக்கல். இங்கே நிற்கும் 'கலை' எந்த உறவில் நிற்கிறது என்று தெரிவதில்லை. சமையல் கலை, பேச்சுக் கலை போல, ரசிகராக இருப்பதன் நுணுக்கம் என்றுகூடத் தோன்றுகிறது. 'ரசிகர் ஓவியம்' என்றால் சட்டையும் பாசிமணியும் வெளியே போய்விடும். ரசிகரின் உருவப்படம் என்றும் படிக்கலாம். வேர் கோயிலாயிற்றே என்று 'அடியார் கலை' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஊர் ஊராய்ப் போன கூட்டத்துக்கு அடியார் குழாம் என்ற நினைப்பு பொருந்தத்தான் செய்கிறது, ஆனால் தேவாரம் கேட்ட காதுக்கு அது வேறொன்றைச் சொல்லும்.

'சுவைஞர் கலை' என்று எழுதுபவர்களோடுதான் எனக்குப் பெரிய வழக்கு. ரசிகர் வடசொல், ஆகவே சுவைஞர் என்கிறார்கள். ரசம் என்றால் சுவை, ரசிகர் என்றால் சுவைஞர். வேருக்கு வேர் மிகச் சரியான ஆக்கம். இலக்கிய நயம் பேசும் இடத்தில் நானும் அதை எழுதுவேன். ஆனால் சுவைஞர் உட்கார்ந்து சுவைப்பவர். ரசிகர் என்ற சொல் தமிழ் மண்ணில் அதைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டது. ரசிகர் மன்றம் வைத்தவர், சுவரில் எழுதியவர், தோரணம் கட்டியவர், முதல் காட்சிக்கு விடிய விடிய நின்றவர் எல்லாரும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறார்கள். செயல்படும் ரசிகர் என்ற பொருளைத் தமிழர்களே அதற்குக் கொடுத்திருக்கிறார்கள். பிறப்பைப் பார்த்து அந்தச் சொல்லைத் தள்ளினால் அந்த உழைப்பையும் சேர்த்துத் தள்ளுகிறோம். தூய்மையா தெளிவா என்று நிறுத்திக் கேட்டால் என் வாக்கு தெளிவுக்கு.

நான் சொல்ல வரும் சொல் 'ரசிகர் கைவண்ணம்'. கைவண்ணம் கம்பன் முதல் நம் வீட்டு அடுப்படி வரை புழங்குகிறது. 'கைவண்ணம் அங்குக் கண்டேன், கால்வண்ணம் இங்குக் கண்டேன்' என்று விசுவாமித்திரர் இராமனிடம் சொல்லும் இடத்தில் அதற்குக் கையின் ஆற்றல் என்று பொருள். 'எல்லாம் பாட்டியின் கைவண்ணம்' என்று சாப்பிட்டுவிட்டுச் சொல்லும்போது, செய்தவரின் முத்திரை என்று பொருள். யார் செய்தார் என்ற அழுத்தம் சொல்லிலேயே இருக்கிறது. உறை, சட்டை, பாசிமணி, ஒட்டுப்படம் எல்லாம் அதற்குள் அடங்கும். கணினியில் வரைந்தாலும் கை கைதான். ஓவியம் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'ரசிகர் வரைந்த ஓவியம்' என்று நீட்டி எழுதினால் என்ன குறைந்துவிடும்? எல்லாவற்றையும் இரண்டு சொல்லில் அடக்கியே தீர வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

அந்தக் கட்டுரையில் வேறு சிலவும் உறுத்தின. குழுவின் பெயரை 'நன்றியுள்ள பிணங்கள்' என்று மாற்றியிருந்தார்கள். இறந்தவர் ஒருவர், தன்னை நல்லடக்கம் செய்ய உதவியவருக்குக் கைம்மாறு செய்யும் நாட்டுப்புறக் கதை வகையின் பெயர் அது. அந்த விளக்கத்தை ஒரு வரியில் கொடுத்துவிட்டுப் பெயரைப் பெயராக விட்டிருக்கலாம். ஜாம் பேண்ட் 'நெரிசல் இசைக்குழு' ஆகியிருந்தது. மேடையிலேயே கூடிக் கற்பனையாக வாசித்து விரிப்பது ஜாம். கச்சேரி கேட்பவர்களிடம் மனோதர்மம் என்றால் பாதி புரிந்துவிடும். மற்றவர்களுக்கு ஜாம் என்றே எழுதலாம்.

எல்லாவற்றையும் விடத் தவறானது, ரசிகர்கள் பதிவுசெய்த கேசட்டுகளை 'திருட்டுப் பதிவு' என்றது. பூட்லெக் என்ற சொல்லை அகராதியில் பார்த்து அப்படியே போட்டிருக்க வேண்டும். இந்தக் குழு பதிவுசெய்வதை அனுமதித்தது. 1984 அக்டோபரில் பெர்க்லியில் நடந்த நிகழ்ச்சிகளிலிருந்து ஒலிவாங்கியோடு வருபவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கியது. காசுக்கு விற்கக் கூடாது என்பது ஒன்றே விதி. வெற்றுக் கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் முன்பின் தெரியாத ஒருவர் உங்களுக்குப் படி எடுத்துத் தருவார். பெட்டிக்குள் செருகும் மடிப்புத் தாளில் தேதி, ஊர், பாட்டு வரிசை எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். ஓரத்தில் ஒரு கரடியோ ரோஜாவோ வரைந்திருப்பார். இதில் திருட்டு எங்கே இருக்கிறது? அப்படிப் பதிவுசெய்த டேப்பர்களை அந்தக் கட்டுரை 'பதிவாளர்கள்' என்று வேறு எழுதியிருந்தது. பதிவாளர் என்றால் நமக்குச் சார்பதிவாளர் அலுவலகம்தான் நினைவுக்கு வரும். 'பதிவுசெய்யும் ரசிகர்கள்' என்று எழுதுங்கள். அவர்கள் கேசட்டுக்குள் வைத்த அந்தத் தாளும் ரசிகர் கைவண்ணம்தான்.