தண்ணீரைவிட லேசான எரிமலைக் குழம்பு

"எரிமலை வெடித்தால் அங்கே ஈர்ப்பு விசை குறையுமா? அப்படியானால் நம் எடையும் குறையுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். குறையும். காலடியில் இருக்கும் பாறைக்குழம்பு வெளியேறினால் அதன் இழுப்பும் போய்விடும். புதிதாகக் குழம்பு ஏறினால் கூடும். ஆனால் 100 மைக்ரோகால் (ஈர்ப்பை அளக்கும் மிகச் சின்ன அலகு) மாற்றத்தையே எரிமலை ஆய்வாளர்கள் பெரிதாகப் பேசுவார்கள். 60 கிலோ ஆளுக்கு அது 6 மில்லிகிராம். ஓர் அரிசியின் எடைகூட வராது.

இதை அளப்பது கிராவிமீட்டர். ஒரு சுருள்வில், அதில் தொங்கும் சின்ன எடை, அவ்வளவுதான். நிலா உச்சிக்கு வந்தாலே அதன் இழுப்பால் அளவு மாறும். அதைக் கழித்துவிட்டுத்தான் எரிமலையைப் பார்க்க வேண்டும். (கிரகங்கள் வரிசைகட்டினால் எரிமலை வெடிக்கும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் கவனிக்க: வெள்ளி நமக்கு மிக அருகே வரும்போதும் அதன் அலை விசை, அதாவது கடலை ஏற்றி இறக்கும் இழுப்பு, நிலாவினுடையதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.) தரை 1 செ.மீ. உப்பினாலும், பூமியின் மையத்திலிருந்து அவ்வளவு தள்ளிப் போவதால், 3 மைக்ரோகால் குறையும். அதையும் கழிக்க வேண்டும்.

சரி, இவ்வளவு மெனக்கெட்டு என்ன கிடைக்கும்?

ஹவாயின் கிலவேயா எரிமலை உச்சியில், ஹலேமாவுமாவு பள்ளத்துக்குள் 2008-இல் ஒரு குழம்பு ஏரி உருவானது. ஒரு வாளி மொண்டு எடை போடவா முடியும்? ஆனால் விளிம்புக்கருகே ஒரு கிராவிமீட்டர் இருந்தது. 2011 மார்ச்சில் கிழக்கே நிலம் பிளந்து குழம்பு அந்தப் பக்கம் ஓட, ஏரி மளமளவென வடிந்தது. கருவியின் அளவும் கூடவே இறங்கியது. எவ்வளவு கன அளவு காலியானது என்பது கேமராப் படங்களில் தெரிந்தது. எவ்வளவு நிறை போனது என்பதை வில் சொன்னது. வகுத்தால் அடர்த்தி.

விடை: கன மீட்டருக்குச் சுமார் 950 கிலோ, 300 முன்னே பின்னே. தண்ணீரே 1000! வாயு நீங்கிய பசால்ட் (ஹவாய் எரிமலைகளின் கரும்பாறை) குழம்பு 2,600-க்குக் குறையாது. அப்படியானால் ஏரியில் பாதிக்கு மேல் வெறும் குமிழி. டீக்கடையில் உயரத் தூக்கி ஆற்றித் தருவார்களே, கிளாஸ் தளும்பும், நுரை அடங்கினால் முக்கால்தான் தேறும், அந்தக் கதைதான். எனக்கு மிகவும் பிடித்த அளவீடு இது. ஒரு வில்லை வைத்து, தொடாமலே, நெருப்பு ஏரியை எடை போட்டிருக்கிறார்கள்.

2018 மேயில் அந்த ஏரி அடியோடு வடிந்தது. பள்ளத்தின் தரை சுமார் 500 மீட்டர் இடிந்து இறங்கியது. அடுத்த ஆண்டு அங்கே ஊறத் தொடங்கியது நிஜமான தண்ணீர். 2020 டிசம்பரில் புதுக் குழம்பு வந்து அதைக் கொதிக்க வைத்து ஆவியாக்கும்வரை இருந்தது.