மெல்லியதா, இலேசானதா? மடிக்கணினியின் தடிமனுக்குள் நடப்பவை

மடிக்கணினி விளம்பரங்களில் தடிமனும் எடையும் எப்போதும் அருகருகே அச்சிடப்படுவதால், இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் வாங்குபவர் மனதில் எளிதாகப் படிந்துவிடுகிறது. ஆனால் தோளுக்குத் தெரிவது எடை மட்டுமே. மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ பேருந்தேறிக் கோணேசபுரியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்துக்கு நாளாந்தம் வந்து போகும் ஒரு மாணவிக்கு, 1.8 கிலோகிராம் கணினிக்கும் 1.2 கிலோகிராம் கணினிக்கும் உள்ள வேறுபாடு மாலையில் தோள்பட்டையில் நன்றாகவே தெரியும். 18 மில்லிமீற்றர் கணினிக்கும் 14 மில்லிமீற்றர் கணினிக்கும் உள்ள வேறுபாடோ ஒரு மெல்லிய பாடசாலைக் கொப்பியின் தடிமன்தான். பைக்குள் போன பிறகு அதை எவரும் உணரப்போவதில்லை. அந்த நான்கு மில்லிமீற்றரைக் குறைப்பதற்காக உள்ளே எவையெவை விட்டுக்கொடுக்கப்படுகின்றன, வெக்கையும் உப்புக்காற்றும் மிகுந்த திருகோணமலையில் அந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பவற்றைப் பார்த்தால், இலேசுக்குப் பணம் கொடுக்கலாம், மெலிவுக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்ற முடிவுக்கே வரவேண்டியிருக்கிறது.

மெலிவின் மீதான மோகம் 2008 ஜனவரியில் தொடங்கியது எனலாம். அப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸ் மேடையில் ஒரு கடித உறையைத் திறந்து அதனுள்ளிருந்து முதலாவது மக்புக் எயார் கணினியை வெளியே எடுத்தார். அதன் மிகத் தடித்த இடம் 19.4 மில்லிமீற்றர்; எடை 1.36 கிலோகிராம். இறுவட்டு இயக்கி இல்லை, வலையமைப்புக் கம்பிக்கான துளை இல்லை, யூ.எஸ்.பி துளை ஒன்றே ஒன்று. 2011இல் இன்டெல் நிறுவனம் ‘அல்ட்ராபுக்’ என்ற பெயரை அறிமுகப்படுத்தியதும் ஏனைய தயாரிப்பாளர்களும் அதே பாதையில் இறங்கினர். 2015இல் வந்த 12 அங்குல மக்புக், 13.1 மில்லிமீற்றர் தடிமனும் 920 கிராம் எடையும் கொண்டிருந்தது. அந்தத் தடிமனுக்குள் அடக்குவதற்காக வடிவமைக்கப்பட்ட விசைப்பலகையில் விசைகள் மிகச் சிறிதளவே அமிழ்ந்தன. ஒரு தூசித் துணிக்கை உள்ளே போனாலே விசை சிக்கிக்கொண்டது. 2018இல் அந்த வகை விசைப்பலகைகளை இலவசமாகத் திருத்திக் கொடுக்கும் திட்டத்தை அந்நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது. 2021இல் அதே நிறுவனம் தனது 16 அங்குல மக்புக் புரோவை 16.2 மில்லிமீற்றரிலிருந்து 16.8 மில்லிமீற்றராகத் தடிக்கச் செய்து, முன்பு நீக்கிய எச்.டி.எம்.ஐ துளையையும் நினைவக அட்டைத் துளையையும் மீண்டும் சேர்த்தது. மெலிவுக்கு ஓர் எல்லை உண்டென்பதை அதைத் தொடக்கிவைத்தவர்களே ஒப்புக்கொண்டதாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

அந்த எல்லையைத் தீர்மானிப்பது முதன்மையாக வெப்பமே. கணினியின் செயலி (புரொசசர்) உட்கொள்ளும் மின்சக்தி ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே முடிகிறது. மெல்லிய கணினிகளின் செயலிகள் பெரும்பாலும் 15 முதல் 28 வொட் வரையான தொடர் வேலைக்கென்று வடிவமைக்கப்பட்டவை. அந்த வெப்பத்தைச் செயலியிலிருந்து அப்பால் கொண்டுபோவது மூடிய செப்புக் குழாய் ஒன்று. அதனுள் காற்று அகற்றப்பட்டுச் சிறிதளவு நீர் விடப்பட்டிருக்கும். செயலிக்கு மேலுள்ள முனையில் நீர் ஆவியாகி, மின்விசிறிக்கு அருகிலுள்ள மறுமுனையில் ஒடுங்கி மீண்டும் நீராகி, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைப் படையின் வழியே திரும்பிவருகிறது. இந்தக் குழாயை நசுக்கித் தட்டையாக்கினால் ஆவி செல்லும் வழி ஒடுங்கி, அது சுமக்கக்கூடிய வெப்பமும் குறைந்துவிடும்.

மின்விசிறியின் நிலையும் அதுவே. ஒடுங்கிய இடைவெளியொன்றின் ஊடாகச் செல்லும் காற்றின் அளவு, ஒரே அழுத்தத்தில், இடைவெளியின் முப்படிக்கு ஏற்ப மாறுகிறது. ஆகவே இடைவெளியைப் பாதியாக்கினால் காற்றோட்டம் எட்டில் ஒன்றாக வீழ்ந்துவிடும். அதை ஈடுசெய்ய விசிறி வேகமாகச் சுழல வேண்டும். வேகம் இரட்டிப்பானால் ஒலி ஏறத்தாழ 15 டெசிபெல் கூடும். மெல்லிய கணினிகள் சில வேளைகளில் ‘கீச்’சென்று இரைவதற்கு இதுவே காரணம்.

விசிறியே இல்லாத கணினிகளில் உலோக உடலே வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். இங்கே ஒரு சிறு கணக்குப் பார்ப்பது பயனுள்ளது. 13 அங்குலக் கணினியின் விசைப்பலகைப் பக்கம் சுமார் 30 சென்ரிமீற்றர் நீளமும் 21 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டது, பரப்பளவு 0.063 சதுர மீற்றர். அசைவற்ற காற்றில், ஒரு சதுர மீற்றர் பரப்பு, ஒவ்வொரு பாகை செல்சியஸ் வெப்பநிலை வேறுபாட்டுக்கும் ஏறத்தாழ 10 வொட் வெப்பத்தை இழக்கும். கையை வைத்துத் தட்டச்சு செய்யக்கூடிய உச்ச வெப்பநிலை 44 பாகை என்று வைத்துக்கொள்வோம். அறையின் வெப்பநிலை 22 பாகை எனில் அந்தப் பரப்பின் வழியே ஏறத்தாழ 14 வொட் வெளியேறும். கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலை மாதங்களின் பிற்பகலில், குளிரூட்டி இல்லாத ஓர் அறையில் 34 பாகை இருந்தால், வெளியேறக்கூடியது வெறும் 6 வொட்டுக்குச் சற்று மேல். உலோகம் முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருப்பதில்லை என்பதால் உண்மையான அளவு இதைவிடவும் குறையும். அதாவது, குளிர்நாடுகளிலோ குளிரூட்டிய அறைகளிலோ சோதித்து எழுதப்படும் மதிப்புரைகளில் ஒரு கணினி காட்டும் தொடர் வேகத்தில் பெரும்பகுதி, நமது வீட்டு மேசைக்கு வரும்போது காணாமற்போய்விடும். மேலே கூரை விசிறி சுழன்றுகொண்டிருந்தால் நிலைமை கணிசமாகச் சீராகும். அசையும் காற்று அசைவற்ற காற்றைவிட வேகமாக வெப்பத்தை அகற்றும். நமக்காகச் சுழலும் விசிறி கணினிக்கும் சேர்த்தே வேலை செய்கிறது.

வெப்பம் வெளியேறாவிட்டால் செயலி எரிந்துவிடுவதில்லை. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெரும்பாலான செயலிகள் வேலை தொடங்கும் முதல் அரை நிமிடமளவில், தமக்கு விதிக்கப்பட்ட அளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு மின்சக்தியை எடுத்துப் பாய்ந்து வேலை செய்யும். பின்னர் உடல் சூடேற, மெல்ல இறங்கி ஒரு நிலைக்கு வரும். கடையில் காட்டப்படும் வேகம் அந்த முதல் அரை நிமிடத்துக்கு உரியது. இணையத்தில் தேடுவது, கட்டுரை எழுதுவது, அட்டவணை நிரப்புவது போன்ற வேலைகள் இத்தகைய குட்டிப் பாய்ச்சல்களாலேயே முடிந்துவிடுவதால் மிக மெல்லிய கணினியும் அவற்றுக்குப் போதும். திருமணக் காணொளி தொகுப்பவருக்கோ பெரிய நிரலொன்றைத் தொகுத்து இயக்கும் கணினி அறிவியல் மாணவருக்கோ முதல் அரை நிமிடத்தால் பயனில்லை. இருபதாவது நிமிடத்தில் கணினி என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதே அவர்களுக்குரிய கேள்வி. ஒரே பெயர் கொண்ட செயலி 14 மில்லிமீற்றர் உடலிலும் 18 மில்லிமீற்றர் உடலிலும் இருக்கையில், அந்த இருபதாவது நிமிடத்தில் அவை ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை போல நடந்துகொள்ளலாம்.

இவ்வளவும் விசிறியுள்ள கணினிக்கே சாதகமாக இருக்கின்றன. ஆனால் உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடலைப் பார்த்து யன்னல் திறந்திருக்கும் வீட்டில் விசிறிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அது உள்ளிழுப்பது வெறும் காற்றை மட்டுமல்ல, அலை உடைவதால் எழும் நுண்ணிய உப்புத் துணிக்கைகளையும் சேர்த்தே. சாதாரண உப்பு, காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் நீராவியை ஈர்த்துத் தானே கரைந்து உப்புநீராகிவிடும். கரையோரத்தில் இரவு வேளைகளிலும், வாடைக்காற்று மழை கொண்டுவரும் மாதங்களிலும் ஈரப்பதன் அந்த எல்லையை எளிதில் கடக்கிறது. மின்சுற்றுப் பலகையில் படிந்த உப்புநீர் மின்னைக் கடத்தும். நெருக்கமாக ஓடும் செப்புத் தடங்களுக்கிடையே அரிப்பை உண்டாக்கும். கடலிலிருந்து சில நூறு மீற்றருக்குள் வசித்து, எழுத்து வேலைக்கு மட்டும் கணினி தேடுபவர் விசிறியில்லாத, மூடிய உடலைத் தேர்ந்தெடுப்பதற்கு இது வலுவான காரணம். நகரின் உட்பகுதியில் வசிப்பவருக்கு இந்தக் கவலை அவ்வளவு தேவையில்லை.

உடல் எதனால் செய்யப்பட்டது என்பதும் இங்கே வந்து சேர்கிறது. ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் முப்படிக்கு ஏற்ப மாறுவதால், மூடியைச் சிறிது மெலிதாக்கினாலும் அது அதிகமாக வளையத் தொடங்கும். நெரிசலான கொழும்புப் பேருந்தில் மடியிலுள்ள பையின் மீது இன்னொரு பை சாயும்போது மூடி வளைந்து, திரை விசைகளில் அழுந்துவது இப்படித்தான். அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 2.7 கிராம், மக்னீசியக் கலப்புலோகத்தினது சுமார் 1.8 கிராம். எனவே எடையைக் கூட்டாமலே மக்னீசியத் தகட்டை ஒன்றரை மடங்கு தடிப்பாகச் செய்யலாம். மக்னீசியம் இயல்பிலேயே அலுமினியத்தைவிட வளையக்கூடியதாயினும், அந்த மேலதிகத் தடிமன் காரணமாக அத்தகடு ஏறத்தாழ இரண்டு மடங்கு விறைப்பாக இருக்கும். ஒரு கிலோகிராமுக்கும் குறைந்த பல கணினிகள் அவ்வளவு மெல்லியவையாக இல்லாமலிருப்பதன் இரகசியங்களில் இதுவும் ஒன்று. தொட்டால் பிளாஸ்டிக் போலத் தோன்றுவதால் சிலர் அவற்றை மலிவானவை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் மக்னீசியம் உப்புக்கு விரைவில் இரையாகும் உலோகம். பூச்சு உரிந்த இடத்தைக் கரையோரத்தில் அப்படியே விட்டுவைக்கக் கூடாது.

பற்றரியின் கணக்கு எளிது. 50 வொட்-மணி கொண்ட பற்றரியின் எடை சுமார் கால் கிலோகிராம். சாதாரண வேலையின்போது கணினி 6 அல்லது 7 வொட் எடுக்கும் என்றால், 20 வொட்-மணி கூடுதலாக வைத்திருப்பதற்கு ஏறத்தாழ 100 கிராம் சுமந்தால் மூன்று மணித்தியாலம் கிடைக்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்த நாட்டில் இதைவிடப் பயனுள்ள 100 கிராம் வேறெதுவும் இருக்க முடியாது. யூ.எஸ்.பி சி வகைத் துளையின் வழியே மின்னேற்றக்கூடிய கணினியானால், 20,000 மில்லி அம்பியர்-மணி கொண்ட, போதிய வொட் தரக்கூடிய பவர் பேங்க் ஒன்றும் உதவிக்கு வரும். அதனுள் இருப்பது 74 வொட்-மணி. இழப்புகள் போகக் கணினியை ஏறக்குறைய ஒரு தடவை நிரப்பப் போதுமானது. ஆனால் இலிதியம் அயன் பற்றரி வெப்பத்தில் விரைவாக மூப்படையும், அதுவும் முழுமையாக ஏற்றப்பட்ட நிலையில் சூடாக இருக்கும்போது மிக விரைவாக. மெல்லிய உடலில் செயலியும் பற்றரியும் அடுத்தடுத்தே கிடக்கின்றன. எப்போதும் மின்னிணைப்பில் வைத்தே பயன்படுத்துபவர், 80 சதவீதத்தில் மின்னேற்றத்தை நிறுத்தும் அமைப்பு கணினியில் இருந்தால் அதை இயக்கிவிட வேண்டும். தொடுபலகை அழுந்த மறுத்தாலோ மேலே எழும்பினாலோ கீழேயுள்ள பற்றரி வீங்கியிருக்கக்கூடும். அத்தகைய கணினிக்கு மின்னேற்றக் கூடாது.

துளைகள் குறைவதற்குக் காரணம் வெறும் வடிவியல். பழைய யூ.எஸ்.பி துளையின் வாய் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் உயரம். சி வகையினது அதில் பாதி. வலையமைப்புக் கம்பியின் துளைக்கு 10 மில்லிமீற்றருக்கும் மேல் வேண்டும். விரிவுரை மண்டப புரொஜெக்டரும் அச்சகத்துக்காரர் கேட்கும் பென் டிரைவும் பழைய துளைகளையே எதிர்பார்ப்பதால், மெல்லிய கணினிக்காரர் இணைப்பி ஒன்றையும் சேர்த்தே சுமக்கிறார். கணினியின் எடையைக் கேட்பவர் மின்னேற்றியையும் இணைப்பியையும் சேர்த்து நிறுத்துப் பார்க்க வேண்டும், 1.1 கிலோகிராம் என்று விளம்பரப்படுத்தப்படுவது பைக்குள் 1.5 ஆகிவிடுவது புதுமையல்ல.

நினைவகம் (ராம்) பலகையிலேயே பற்றவைக்கப்படுவதற்கு மெலிவு ஒரு காரணம், மின்சிக்கனம் மற்றொன்று. தடங்கள் குறுகினால் குறைந்த மின்னழுத்தத்தில் வேகமாக இயங்கலாம். கழற்றி மாற்றக்கூடிய மெல்லிய நினைவகத் தகட்டுக்கென 2023 டிசம்பரில் ஒரு பொது நியமம் வெளியாகியிருந்தாலும், இன்று கடைகளிலுள்ள மெல்லிய கணினிகள் பெரும்பாலானவற்றில் வாங்கும் நாளில் உள்ள நினைவகமே கடைசி வரைக்கும். ஐந்து வருடம் வைத்திருக்க எண்ணுபவர் 8 ஜிகாபைட்டோடு நிற்கக் கூடாது. திரையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: பகல் வெளிச்சத்தில் வேலை செய்பவர் 400 நிட்ஸ் பிரகாசத்தைத் தேடட்டும்.

மத்திய வீதியின் கடையொன்றுக்குள் நுழைந்தால், விற்பனையாளர் கணினியை இரு விரல்களால் தூக்கிக் காட்டுவார். அவரிடம் அதே மாதிரியை இருபது நிமிடம் ஒரு காணொளியை ஏற்றுமதி செய்யவிட்டு, விசைகளின் மேல் வரிசைக்கு மேலுள்ள உலோகத்தைத் தொட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். கடையின் குளிரூட்டியைக் கணக்கில் எடுத்து அதற்கு மேல் பத்துப் பாகையைக் கூட்டிக்கொள்ளுங்கள். விசைப்பலகையின் நடுப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தி, எவ்வளவு அமிழ்கிறது என்று பாருங்கள். காற்று வெளியேறும் வழி திரையின் கீலுக்கு அருகிலா, அடிப்பக்கத்திலா என்று புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கம் என்றால் மெத்தை மீது வைத்துப் பயன்படுத்தவே முடியாது. பெரும்பாலான மாணவர்களுக்கு 14 அங்குலத் திரை, 1.2 அல்லது 1.3 கிலோகிராம் எடை, 16 முதல் 18 மில்லிமீற்றர் தடிமன், விசிறி, 16 ஜிகாபைட் நினைவகம் என்ற சேர்க்கையே பொருந்தும் என்பது என் கருத்து. அதே விலைக்கு 13 மில்லிமீற்றர் கணினி நீட்டப்பட்டால், பற்றரியை மாற்ற என்ன செலவாகும், அதைத் திருகோணமலையிலேயே செய்யலாமா அல்லது கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்கும் வரை பணத்தைக் கொடுக்காதிருப்பது நல்லது.